உயரம் இல்லையாம் எங்கள் பிள்ளைகளுக்கு

“ஹைட் இல்லையே தம்பி.”

கூடைப்பந்துத் தேர்வுக்குப் போய்த் திரும்பும் எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் வாக்கியம் இது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. சாதியைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் வழக்கு வரும். உயரத்தைச் சொல்லி அனுப்பினால் ஒரு வழக்கும் வராது. உயரம் பிறப்போடு மட்டும் வருவதில்லை, சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் வருகிறது என்று அந்தத் தேர்வாளர்களுக்கு யார் சொல்வது? தலைமுறை தலைமுறையாகப் பாலும் முட்டையும் எட்டாத வீட்டுப் பிள்ளையிடம் போய், ஏன் நீ ஆறடி வளரவில்லை என்று கேட்கிறார்கள்.

அந்த வாக்கியம் பொய் என்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியின் பெயர் பாயின்ட் கார்டு. ஐந்து பேர் அணியில் முதல் இடம் இது. பயிற்சியாளர்கள் ‘ஒன்’ என்றே கூப்பிடுவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 வினாடிக்குள் அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அதற்குள் யார் எங்கே ஓடுவது, யாருக்குப் பந்து போவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். பெரும்பாலும் அணியில் குள்ளமானவரும் அவர்தான். அந்த இடத்துக்குத் தேவை கண், கை, வேகம், புத்தி.

மக்ஸி போக்ஸ் என்ற ஆட்டக்காரரைப் பாருங்கள். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். உலகத்தின் மிகப்பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இவரைவிடக் குள்ளமானவர் ஆடியதே இல்லை. 1987 முதல் 2001 வரை 14 பருவங்கள் பாயின்ட் கார்டாக ஆடினார். அவருடைய பந்தை வாங்கி மற்றவர்கள் கூடையில் போட்டது 6,726 முறை. அவருடைய ஊர் பால்டிமோர், ஒரு துறைமுக ஊர். தகப்பனார் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய தொழிலாளி. மகன் சிறுவனாக இருந்தபோதே சிறைக்குப் போனவர். குடும்பம் இருந்தது அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில். துறைமுகக் கூலி, ஹவுசிங் போர்டு, கறுப்பு உடம்பு, பற்றாத உயரம். வடசென்னையில் எவருக்குப் புரியாத கதை இது?

ஆனால் எங்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் இருந்த குடியிருப்போடு சேர்ந்தே பிள்ளைகள் ஆட ஒரு பொது விளையாட்டுக் கூடமும் இருந்தது. பந்தைப் பிடிக்க அவர் கற்றது அங்கே.

இனி எங்கள் பக்கம் வாருங்கள். கூடைப்பந்துக் களத்தின் அளவு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சென்ட் கணக்கில் சொன்னால் பத்தரை சென்ட். நாற்பதடி கண்டெய்னர் பன்னிரண்டை ஒட்டி ஒட்டி நிறுத்தலாம். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கத்திலும் கண்டெய்னர் நிறுத்தக் கிடைத்த நிலம் எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் பிள்ளைகள் ஆட அந்தப் பத்தரை சென்ட் எத்தனை தெருவில் கிடைத்தது என்றும் பாருங்கள்.

வடசென்னைக்குத் திறமை இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. வியாசர்பாடி இளவழகி 2008இல் கேரம் உலகச் சாம்பியன். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. மனதாரக் கொண்டாடினோம், இன்றும் கொண்டாடுகிறோம். கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறோம்: ஏன் கேரம்? கேரம் பலகை 29 அங்குலத்துக்கு 29 அங்குலம். இந்த நகரம் எங்களுக்கு விட்டுவைத்த ஆடுகளத்தின் அளவு அதுதான். அதற்குள்ளேயே உலகத்தை வென்று காட்டினார்கள் எங்கள் பெண்கள்.

ஓடியாடும் ஆட்டத்துக்கு நிலம் மட்டும் போதாது, மூச்சும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த ஓட்டத்துக்கு எந்தச் சங்கமும் பதக்கம் தரவில்லை.

சரி, களமும் மூச்சும் கிடைத்து ஒரு பிள்ளை மேலே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எதை நம்பி ஆடும்? இந்த நாட்டில் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொள்வது என்றால் என்ன என்று தெரிய அனிதா பால்துரையின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1985இல் சென்னையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் இந்திய அணியின் கேப்டன். 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். தொடர்ந்து ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் களமிறங்கினார். குழந்தை பெற்ற பின்னும் திரும்பி வந்து, 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 2021இல் பத்மஸ்ரீ. இவ்வளவு பெரிய வாழ்க்கைக்குச் சோறு போட்டது எது? தெற்கு ரயில்வே வேலை. அவர் என்ன சாதி என்பது எங்களுக்கு வேண்டாத கேள்வி. அவருக்குக் கிடைத்த அந்த வேலை எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்குமா என்பதே எங்கள் கேள்வி.

தனியார் லீக் வந்துவிட்டதே என்பார்கள். 2015இல் யுபிஏ லீக் வந்தது; சென்னை ஸ்லாம் என்று ஓர் அணியும் இருந்தது. 2017க்குப் பிறகு அந்த லீக்கே இல்லை. இந்திய அணிக் கேப்டனாக இருந்த விசேஷ் பிருகுவன்ஷியையும் தாங்கி நின்றது ஓஎன்ஜிசி வேலைதான். ரயில்வே, ஐசிஎஃப், ஐஓபி, இந்தியன் வங்கி, சுங்கத்துறை: இந்த ஆட்டத்தை இங்கே உயிரோடு வைத்திருப்பவை பொதுத்துறையும் அரசுத் துறையும். பொதுத்துறையை விற்பவர்கள் விளையாட்டு ஒதுக்கீட்டையும் சேர்த்தே விற்கிறார்கள். தனியார் முதலாளிக்கு எங்களுக்கு இட ஒதுக்கீடு தரும் கடமையும் இல்லை, ஆட்டக்காரருக்கு வேலை தரும் கடமையும் இல்லை.

எங்கள் கண் முன்னால் நடந்ததுதான் இது. 2001இல் சென்னைத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. 2018இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானியிடம் போனது. அப்பன் மூட்டை தூக்கிய இடத்தில் மகன் ஒப்பந்தக் கூலி, பி.எஃப். இருந்தாலே அதிர்ஷ்டம். அங்கே ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்றால் சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாதிய சமூகம் எங்கள் உடம்பை எப்போதும் ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது: மூட்டை தூக்க, சாக்கடையில் இறங்க, குத்துச்சண்டை மேடையில் ரத்தம் சிந்த. முடிவெடுக்கும் இடத்துக்கு வரும்போதுதான் அதற்கு வலிக்கிறது. தலித் கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அவருடைய பந்துவீச்சு வேண்டியிருந்தது. அவரைக் கேப்டனாக்க மட்டும் மனம் வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் இந்துக்கள் அணிக்குக் கேப்டன் ஆனார். களத்தில் பாயின்ட் கார்டு நிற்கும் இடமும் அப்படிப்பட்டதுதான். ஆட்டத்தை நடத்துகிறவரின் இடம் அது. அதனால்தான் அந்த இடத்தைக் கேட்கிறோம்.

எங்கள் தவறையும் மறைக்கவில்லை. ஏப்ரல் 14க்கு பேனர் கட்டுகிறோம், ஒருநாள் போட்டி வைக்கிறோம், ஷீல்டு கொடுக்கிறோம். மறுநாள் வலையைச் சுருட்டி வைத்துவிடுகிறோம். 365 நாளும் எரியும் ஒரு விளக்குக் கம்பத்துக்காக நாங்கள் மாநகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்ததில்லை. இனி உட்காருவோம்.

கேட்பது மூன்றுதான். ஒன்று, வடசென்னையின் ஒவ்வொரு வாரியக் குடியிருப்பிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் பத்தரை சென்ட் களம், விளக்கு, சம்பளம் பெறும் பயிற்சியாளர். பட்டியல் சாதியினர் துணைத் திட்ட நிதியை இதற்குச் செலவிடட்டும். இரண்டு, துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், சுத்திகரிப்பு ஆலை எல்லாம், அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், இந்தப் பகுதி ஆட்டக்காரர்களுக்கு நிரந்தர வேலை தர வேண்டும். எங்கள் காற்றை எடுத்துக்கொண்டதற்கு அது குறைந்தபட்சக் கூலி. மூன்று, மாவட்ட, மாநில அணித் தேர்வுகளில் எந்தப் பள்ளியிலிருந்து, எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் கணக்கைக் காட்ட ஏன் பயப்பட வேண்டும்?

கூடையின் உயரம் 3.05 மீட்டர். அது எல்லோருக்கும் ஒன்றுதான். தரை மட்டும் சமமாக இல்லை. முதலில் தரையைச் சமமாக்குங்கள். அப்புறம் எங்கள் பிள்ளைகளின் உயரத்தை அளக்க வாருங்கள்.

ஜெய்பீம்.