பேரு சேது... ஊரு மதுரை! கடலோரப் பொண்ணுங்களுக்கு எப்போ சான்ஸ்?

'சேது' என்றாலே ராமேஸ்வரம் கடல்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பேரில் கலக்கும் மகளிர் கால்பந்து கிளப் சேது எஃப்.சி. இருப்பது மதுரையில்!

2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் பைனலில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தி கோப்பையைத் தட்டியது. 2022-ல் கடைசி மேட்ச்சில் கோகுலம் கேரளாவிடம் 1-3 எனத் தோற்று, கோப்பையைக் கோட்டை விட்டது.

2019 பைனலில் கோல் போட்டவர்கள் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி. ஜெயிக்கணும்னா வெளியூர் ஆட்களை எடுப்பது தப்பில்லை. ஆனால் நம்ம கடலோரப் பொண்ணுங்களால் முடியாதா என்ன? கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினாரே!

மண்டபம், ராமேஸ்வரம் பிள்ளைகளுக்கும் முதலில் தேவை கிரவுண்டும் கோச்சும்தான். கோப்பை வாங்குறது கிளப் வேலை. ஆளை உருவாக்குறது ஊர் வேலை. அதிகாரிகள் கவனிப்பார்களா?