மொத்தத்துக்கும் 777 வேண்டாமே

வெளியூரில் பத்து தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் ஒரு சங்கம். சங்கம் வந்தால் பின்னாலேயே ஒரு இணையதளம். பொங்கல் விழா போட்டோ, உறுப்பினர் பட்டியல், பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் சேர்க்க ஒரு படிவம். ஐடி வேலையில் இருக்கிற ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து கொடுப்பார், பாவம், சம்பளம் கிடையாது. போட்டோ ஏறவில்லை, "பர்மிஷன் டினைட்" என்று வருகிறதா? உடனே மொத்த ஃபோல்டருக்கும் 777 போட்டுவிடுவார். போட்டோ ஏறிவிடும்.

நான் பி.காம் படித்த பாங்க்காரன். லினக்ஸ் என் தொழில் இல்லை. ஆனால் யார் எதைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதுதான் என் பிழைப்பே. என் கண்ணுக்கு 777 என்பது ஸ்ட்ராங் ரூம் சாவியை வாசலில் மாட்டி வைப்பது.

கணக்கு சுலபம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லாருக்கும். அந்தக் கடைசி 7தான் வில்லங்கம். அதே மெஷினில் கணக்கு வைத்திருக்கிற யாரும் உங்கள் ஸ்கிரிப்டைத் திருத்தலாம்.

இதை இப்போது பலரும் சொல்கிறார்கள். ஆனால் எண்ணைவிடப் பெரிய கேள்வி, ஃபைலுக்கு உரிமையாளர் யார் என்பது. சிலர் 755 என்று மாற்றிவிட்டு, எல்லாவற்றையும் சர்வரின் கணக்குக்கே எழுதி வைத்துவிடுகிறார்கள் (உபுண்டுவில் அதன் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா). எண் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஏதாவது ஒரு ப்ளக்இன்னில் ஓட்டை விழுந்தால், உள்ளே வருகிறவன் சர்வரின் பெயரிலேயே ஸ்கிரிப்டை மாற்றி எழுதிவிட்டுப் போவான்.

கவுண்டரில் இருப்பவர் சர்க்குலரைப் படித்து வேலை செய்வார், சர்க்குலரைத் திருத்த மாட்டார். சர்வரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஃபைல்கள் தம்பியின் லாகின் பெயரில், 644. ஃபோல்டர் 755. பிஎச்பி ஃபைலைச் சர்வர் படித்தால் போதும், இயக்கும் உரிமைகூட வேண்டாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் ஃபைல் மட்டும் 640, குழு சர்வருடையது. நம் வீட்டு போன் நம்பர், பிள்ளை பெயர், ஃபிளாட் நம்பர் எல்லாம் அந்தப் பாஸ்வேர்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது!

போட்டோ ஏற்றும் ஃபோல்டர் செக் போடும் பெட்டி மாதிரி. அங்கே மட்டும் சர்வர் எழுதலாம். ஆனால் அதற்குள் விழுந்த எதுவும் ஸ்கிரிப்டாக ஓடக்கூடாது என்று சர்வர் செட்டிங்கில் தடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போட்டோ என்ற பெயரில் ஒரு பிஎச்பி ஃபைலைப் போட்டு ஓட்டிவிடுவார்கள்.

"அப்போ வேர்ட்பிரஸ் அப்டேட் எப்படி நடக்கும்?" என்று தம்பி கேட்பார். நியாயம்தான். 2013 முதல் வேர்ட்பிரஸ் சிறிய அப்டேட்டைத் தானே போட்டுக்கொள்ளும், அதற்கு எழுதும் உரிமை வேண்டும். பல ஷேர்ட் ஹோஸ்டிங்கில் ஸ்கிரிப்ட் உங்கள் கணக்கிலேயே ஓடும், அங்கே இந்தப் பிரிவினையே கிடையாது. நான் அதை ஏற்றுக்கொள்வேன். அப்டேட் போடாமல் வருஷக்கணக்கில் கிடக்கிற தளம் அதைவிட ஆபத்து. ஆனால் அங்கே 777க்குத் துளிகூடத் தேவையில்லை, பாஸ்வேர்டு ஃபைலுக்கு 600 போதும்.

அடுத்த கமிட்டி மீட்டிங்கில் தம்பியிடம் ஒன்று கேளுங்கள், திட்டாமல் :-) ஸ்கிரிப்ட் ஃபைல்கள் யார் பெயரில் இருக்கின்றன? போட்டோ ஏறாவிட்டால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் சர்வரின் பெயருக்கு மாற்றினால் போதும்.