ப்ளீஸ், அந்தக் காரைக் கழுவிடாதீங்க!

ஒரு சின்னக் கணக்கு. எழுபது வருஷத்துக்கு மேல ஏரிக்கு அடியில கிடந்த ஒரு கார். தகரம் அரிச்சு ஓட்டை ஓட்டையா இருக்கு. சேறு அப்பிக் கிடக்கு. இன்னிக்கும் ஓடாது, நாளைக்கும் ஓடாது. என்ன விலை கொடுப்பீங்க? நம்ம பழைய இரும்புக் கடை அண்ணாச்சியா இருந்தா, தராசை எடுத்துட்டு வந்துடுவார்.

2010 ஜனவரியில் பாரிஸில் நடந்த போன்ஹாம்ஸ் ஏலத்தில் அந்தக் கார் போன விலை 2,60,500 யூரோ!

அது 1925-ம் வருஷத்து புகாட்டி பிரெசியா. சுவிட்சர்லாந்து எல்லைக்குள் கொண்டுவந்தவர் சுங்க வரி கட்டலை. அதனால் 1930-களில் அதிகாரிகளே அதை மஜ்ஜோரே ஏரிக்குள் தள்ளிவிட்டதா சொல்வாங்க. 2009 ஜூலையில் உள்ளூர் டைவிங் கிளப் ஆட்கள் வெளியே எடுத்தாங்க. அதே பகுதியில் 2008-ல் அடித்துக் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் பெயரில் இருந்த அறக்கட்டளைக்காகத்தான் ஏலம். வாங்கியவர் அமெரிக்க சேகரிப்பாளர் பீட்டர் முலின். அவர் செஞ்சதுதான் ஹைலைட். பட்டி பார்க்கலை, பெயின்ட் அடிக்கலை. கலிஃபோர்னியாவில் இருந்த தன் மியூசியத்தில் அதே துருவோட நிறுத்தி வெச்சார். (அந்த மியூசியம் 2024-ல் மூடப்பட்டுவிட்டது.)

இந்த மாதிரி சேதிகள் வர ஆரம்பிச்சதும் ஆன்லைன் ஏலத்தில் ஒரு வியாதி பரவிடுச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார் எது கையில் கிடைச்சாலும், 'கை படாத வண்டி'ன்னு போட்டு விலையை ஏத்திடுறாங்க. அதில் முக்கால்வாசி சும்மா கைவிடப்பட்ட வண்டி, பாஸ். கைபடாம காப்பாத்தி வெச்சதும், கண்டுக்காம மழையில் போட்டதும் ஒண்ணு இல்லை. போட்டோவில் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், அங்கேதான் பர்ஸ் பழுக்குது.

காப்பாத்தி வெச்ச வண்டின்னா எப்படி இருக்கும்? கலிஃபோர்னியாவில் பெபிள் பீச்னு ஒரு கார் அழகுப் போட்டி. கார்களுக்கான மிஸ் வேர்ல்டுனு வெச்சுக்கோங்களேன். வருஷா வருஷம் பளபளன்னு புதுசாக்கின கார்தான் ஜெயிக்கும். 2024-ல் முதல் தடவையா, புதுப்பிக்காத ஒரு கார் ஒட்டுமொத்தப் பரிசையும் அள்ளிட்டுப் போச்சு. 1934-ம் வருஷத்து புகாட்டி டைப் 59. ரேஸில் ஓடி, பிறகு பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டு கைக்குப் போன வண்டி. அதுக்கு முன்னால் 2020-ல் லண்டனில் ஏலம் போனப்போ விலை 95,35,000 பவுண்டு. கறுப்பு பெயின்ட் அங்கங்கே உதிர்ந்திருக்கு. ஆனா அந்த பெயின்ட்தான் சாட்சி! யார் கையில் எப்போ இருந்தது, எதை மாத்தினாங்க என்பதெல்லாம் தொடர்ச்சியா தெரியுது. அதை சுரண்டி புதுசா ஸ்ப்ரே அடிச்சா சாட்சியும் போச்சு, எத்தனை கோடி கொட்டினாலும் திரும்ப வராது.

புகாட்டியெல்லாம் நமக்கு வால்பேப்பர்தான். கொஞ்சம் கீழே இறங்குவோம். ஃபோர்டு மாடல் ஏ, 1928 முதல் 1931 வரைக்குமான வண்டி. 48 லட்சத்துக்கும் மேலே தயாரிச்சாங்க. அதனால 'அபூர்வம்'னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுங்க. இந்த மாதிரி சாதாரண வண்டியில் டிங்கரிங், பெயின்டிங், சீட், குரோம், என்ஜின்னு முழுசா வேலை பார்த்தா, செலவழிச்ச காசு பெரும்பாலும் விற்கும்போது திரும்ப வராது. அதனால் சுமாரான நிலையில், எதையும் நோண்டாத ஒரிஜினல் வண்டிதான் புத்திசாலித்தனமான பர்ச்சேஸ். அது நிஜமாவே ஒரிஜினலா இருந்தா!

எப்படிக் கண்டுபிடிக்கிறது? போட்டோவை சி.பி.சி.ஐ.டி. மாதிரி பார்க்கணும். ஓடோமீட்டரை நம்பவே வேண்டாம். பழைய வண்டிகள் பலதில் அது ஒரு லட்சம் தொட்டதும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துடும். பிரேக், கிளட்ச் பெடல் போட்டோ கேளுங்க. பன்னிரண்டாயிரம் மைல்தான் ஓடினதுன்னு சொல்ற வண்டியில் பெடல் வழவழன்னு தேஞ்சு போயிருந்தா, மீதி மைல் எங்கேன்னு அவர்தான் சொல்லணும்.

அடுத்து தேய்மானம். மனுஷன் தொடுற இடம்தான் முதலில் தேயும். டிரைவர் முழங்கை வைக்கிற கதவு விளிம்பு, கைப்பிடியைச் சுத்தி, கால் வெச்சு ஏறும் படி. வெயில் படுற பானெட் மேல்பக்கம் வெளுக்கும். வண்டி முழுக்க ஒரே சீராத் துரு பிடிச்சிருந்தா உஷார். உப்பு, வினிகர், உப்புத்தாள் எல்லாம் வெச்சு ஒரு வாரத்தில் 'எண்பது வருஷப் பழசு' தயாரிக்கிற கில்லாடிகள் இருக்காங்க. சீட்டுக்கு அடியில, கதவு கீல் மறைவில, டேஷ்போர்டுக்குப் பின்னால போட்டோ கேளுங்க. வெளியே பச்சை, உள்ளே நீலம்னா விஷயம் வெளியே வந்துடும்.

நம்பர் விஷயத்தில் மாடல் ஏ ஒரு வில்லன். என்ஜின் நம்பர் இடது பக்கம் பிளாக்கில் தெளிவா இருக்கும். அதே நம்பர் சேஸிஸிலும் உண்டு, ஆனா பாடிக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். நடுவில் யாராவது என்ஜினை மாத்தியிருந்தா? பேப்பரில் ஒண்ணு, பிளாக்கில் ஒண்ணு. வண்டி வந்ததுக்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி இடத்தில் நின்னு புலம்புறதைவிட, முன்னாடியே ரெண்டு போட்டோவையும் ஒத்துப் பாருங்க.

துருவைவிட மோசமான எதிரி மரம். 1930-களின் நடுப்பகுதி வரைக்கும் வந்த ஷெவர்லே மாதிரி கார்களில் தகரத்துக்கு உள்ளே இருக்கிற எலும்புக்கூடு மரச்சட்டம். தகரம் ஓட்டைன்னா கண்ணுக்குத் தெரியும். சட்டம் உளுத்துப் போனது போட்டோவில் தெரியவே தெரியாது. கதவைத் திறந்து மூடுற வீடியோ ஒண்ணு கேளுங்க. திறந்ததும் கதவு லேசா கீழே தொங்கி, மூடும்போது தூக்கி விட வேண்டியிருந்தா, பாதி பட்ஜெட் ஆசாரிக்குன்னு எழுதி வெச்சுக்கலாம். இந்த ஒரு வீடியோவை அனுப்ப ஒருத்தர் மறுத்தாலே எனக்கு ஆர்வம் போயிடும்.

அப்புறம் என் ஃபேவரைட் டயலாக்: "நிறுத்தும்போது நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு!" நிறுத்துற வரைக்கும் எல்லாக் காரும் ஓடிக்கிட்டுதானே சார் இருக்கும்? கேட்க வேண்டியது, என்ஜின் கையால் சுத்துதா, ஜாம் ஆகிடுச்சா? குளிர்தேசத்து வண்டின்னா, பிளாக்குக்குள் தண்ணீர் உறைஞ்சு வெடிப்பு விட்டிருக்கா? அந்தக் காலத்து பேரிங் பலது வெள்ளை உலோகத்தை உருக்கி ஊத்திச் செஞ்சது. இன்னிக்கு அதை ஒழுங்கா ஊத்திக் கடையத் தெரிஞ்ச லேத்காரர் கிடைக்கிறது குதிரைக்கொம்பு.

விலை? கேட்கிற விலையைப் பார்க்காதீங்க. ஏற்கெனவே முடிஞ்ச ஏலங்களில் அதே வருஷம், அதே பாடி உண்மையில் எவ்வளவுக்கு வித்ததுன்னு பாருங்க. மாடல் ஏ-வில் திறந்த ரோட்ஸ்டர் ஒரு விலை, மூடின டியூடர் செடான் வேற விலை. உங்க உச்சவரம்பில் இருந்து ஏலக் கமிஷன், லாரி வாடகை, டயர், மேலே சொன்ன ஆசாரி எல்லாத்தையும் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் ஏலத்தில் கேட்கணும். ஈபேயில் நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான், கடைசி நொடியில் ஒருத்தர் வந்து கவ்விட்டுப் போவார். பிரிங் எ டிரெய்லரில் கடைசி ரெண்டு நிமிஷத்தில் யார் கேட்டாலும் கடிகாரம் மறுபடி ரெண்டு நிமிஷத்துக்குப் போயிடும். அதான் ஆபத்து. 'இன்னும் நூறு டாலர்தானே'ன்னு கை தானா ஏறும். நம்பரைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிட்டு உட்காருங்க.

நம்ம நாட்டிலும் இந்த 'ஒரிஜினல்' பேச்சு சட்டத்திலேயே வந்துடுச்சு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷத்தைத் தாண்டிய வண்டி 'விண்டேஜ்'. சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா தினமும் காலேஜுக்கு ஓட்டிட்டு வந்து சீன் போட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்புன்னு வெளியே எடுக்கலாம், அவ்வளவுதான்.

சரி, ஜெயிச்சாச்சு, வண்டி வாசலுக்கு வந்தாச்சு. உடனே பக்கெட், ஷாம்பு, பிரஷர் வாஷர்னு இறங்கிடாதீங்க. முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. அப்புறம் சீட்டைத் தூக்கிப் பாருங்க. டயர் கடை ரசீது, கிழிஞ்ச பெட்ரோல் பில், யாரோ எழுதின துண்டுச்சீட்டு என்ன கிடைச்சாலும் குப்பையில் போடாம ஒரு ஃபைலில் போடுங்க. நாளைக்கு உங்ககிட்ட இருந்து வாங்க வர்றவர், காரைச் சுத்திப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபைலைத்தான் கேட்பார்.