சிவில் பாதுகாப்புத் திணைக்களம்: வேலை வேண்டும், சீருடை எதற்கு?

'ஊர்காவற் படை' என்றதும் கிழக்கிலும் எல்லைக் கிராமங்களிலும் வாழ்ந்த எமது பெற்றோர் தலைமுறைக்கு நினைவில் வருவது பாதுகாப்பு அல்ல, பயம். அந்தப் படையின் வழியில் வந்ததுதான் சிவில் பாதுகாப்புத் திணைக்களம். இன்று வன்னியில் அதில் சம்பளம் பெறுபவர்களில் பலர் எமது அயலவர்கள். அவர்களைத் துரோகிகள் என்று ஏசுவதும், நல்லிணக்கத்தின் அடையாளம் என்று கொண்டாடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

1980களின் நடுப்பகுதியில் எல்லைக் கிராமத்தவர்களைத் தொண்டர்களாகச் சேர்த்து, குறுகிய பயிற்சியும் துப்பாக்கியும் சிறு கொடுப்பனவும் கொடுத்து, பொலிஸாருக்குத் துணையாக அரசு நிறுத்தியது. அதற்கான சட்ட அடிப்படை 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம். அந்தக் கிராமங்களின் அச்சம் பொய்யல்ல. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். ஆனால் ஓர் இனத்தவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்து, பக்கத்து ஊரில் வாழும் மற்ற இனத்தவரைக் கண்காணிக்க விட்டதன் விலையை அப்பாவிகளே கொடுத்தார்கள். அதே மாதம் வீரமுனையில் நடந்த படுகொலையில் ஊர்காவற் படையினருக்கும் பங்கிருந்தது என்று உயிர் தப்பியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

2006 செப்டெம்பரில் இந்தப் படை பாதுகாப்பு அமைச்சின் கீழ் ஒரு திணைக்களமாக்கப்பட்டது. அதன் முதல் பணிப்பாளர் நாயகம் சரத் வீரசேகர. போர் முடியும்போது ஆளணி ஏறத்தாழ 40,000. போர் முடிந்ததும் அதைக் கலைக்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்னாள் போராளிகளும் பெண் தலைமைத்துவக் குடும்பத்தவர்களும் அதில் உள்வாங்கப்பட்டனர். சிலருக்குப் பண்ணை வேலை, சிலருக்கு முன்பள்ளி ஆசிரியர் வேலை. மற்ற முன்பள்ளி ஆசிரியர்கள் சொற்பக் கொடுப்பனவோடு காலம் தள்ள, இவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு சம்பளம் கிடைத்தது.

புனர்வாழ்வு முடித்து வந்தவருக்கு வேறு யார் வேலை கொடுத்தார்கள்? தனியார் நிறுவனங்கள் தயங்கின. புலனாய்வாளர்கள் வீடு தேடி வந்தார்கள். கடன்காரரும் வந்தார்கள். அந்த நிலையில் மாதச் சம்பளத்துக்குச் சம்மதித்தவரைத் 'தொண்டர்' என்று அழைப்பது பொருத்தமில்லை. வேறு வழி இருந்து, அதை விட்டுவிட்டு வருபவரே தொண்டர்.

2018 ஜூனில் விசுவமடுவில் கேணல் ரத்னப்பிரிய பந்துவுக்கு நடந்த பிரியாவிடையை இந்தப் பின்னணியில்தான் நான் பார்க்கிறேன். அவரைத் தோளில் சுமந்து மக்கள் அழுத காட்சியைத் தென்னிலங்கை ஊடகங்கள் இராணுவத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழாகக் காட்டின. எம்மவர்களில் சிலர் அழுதவர்களை இகழ்ந்தனர். அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குடும்பத்தின் சோறு ஒரு படை அதிகாரியின் நல்ல மனதில் தங்கியிருப்பது நிர்வாகம் அல்ல. அவர் மாறினால் என்ன நடக்கும் என்ற பயமும் அந்த அழுகைக்குள் இருந்திருக்கும்.

ஆகவே, 'திணைக்களத்தை உடனே மூடு' என்ற கோரிக்கை மட்டும் போதாது. அது முதலில் அடிப்பது ஏற்கெனவே அடிபட்ட குடும்பங்களை. கேட்க வேண்டியது இடமாற்றம்: சம்பளமும் ஓய்வூதிய உரித்தும் குறையாமல் முன்பள்ளிகள் மாகாண சபையின் கீழும், பண்ணைகள் விவசாயத் திணைக்களம் அல்லது கூட்டுறவுச் சங்கங்களின் கீழும் வர வேண்டும். முன்பள்ளிக் கல்வி சட்டப்படி மாகாணத்துக்குரிய விடயம். சிறுவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் பாதுகாப்பு அமைச்சு தேவையில்லை.

ஊருக்குக் காவல் வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. போதைப்பொருளும் வாள்வெட்டும் எமது பிரச்சினைகளே. ஆனால் உள்ளூரவரைக் கொண்டு காவல் செய்வதானால், அவர்கள் உள்ளூர் மக்களுக்கே பதில் சொல்ல வேண்டும். 13ஆவது திருத்தத்தில் 1987இலேயே எழுதப்பட்ட மாகாணப் பொலிஸ் அதிகாரம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. வடமாகாண சபையின் பதவிக்காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது.

அடுத்த மாகாண சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள்: அந்த முன்பள்ளி ஆசிரியையின் சம்பளத்தை எந்த நிதியிலிருந்து கொடுப்பீர்கள்? அதற்குக் கணக்கோடு பதில் வராதவரை, வன்னியில் பெரிய முதலாளியாகப் பாதுகாப்பு அமைச்சே இருக்கும்.