பாதியில் நின்ற படம்

சரவணப் பொய்கைப் படித்துறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வரைந்த பென்சில் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. துணி துவைக்கும் மூன்று பெண்கள். ஒருத்தியின் உருவம் முழுமையாக வந்திருக்கிறது. அடுத்தவளுக்கு இடுப்புக்குக் கீழே வெறும் கோடுகள். மூன்றாமவர் ஒரு மூதாட்டி. குனிந்த முதுகும் துணியை ஓங்கிய கையும் உண்டு, முகம் இல்லை. வெயில் ஏறியதும் மூவரும் துணிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்படத்தை ஓர் ஓவியக் காட்சிக்குக் கொடுத்தேன். "முடித்துக் கொண்டு வா, தம்பி" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். வருத்தந்தான், மறைப்பானேன்? ஆயினும் அவர்கள் சொன்னபடி செய்ய மனம் ஒப்பவில்லை. யதார்த்த ஓவியம் என்பது கண்டதைத் தாளில் வைப்பதன்றோ? காணாத முகத்தை வீட்டில் உட்கார்ந்து கற்பித்து ஒட்டினால் அது யாருடைய முகம்?

கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். புகைப்படத்தில் அந்தக் கை ஓரிடத்தில் உறைந்துவிடும். நான் பார்த்ததோ அரைமணி நேரம் ஏறி இறங்கிய கை. அதற்கு என் தாளில் மூன்று கோடுகள் இருக்கின்றன. முதலிரண்டும் பிழை, மூன்றாவது ஓரளவு சரி.

ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த ஓவியர் சில்பி, கோயில்களுக்கே சென்று சிலைகளின் முன் அமர்ந்து வரைந்தவர். அந்தப் பொறுமைக்கு நான் எங்கே! ஆனால் சிலை எழுந்து போவதில்லை, மனிதர்கள் போய்விடுவார்கள்.

கல்லிலும் பாதியில் நின்றது உண்டு. கழுகுமலை வெட்டுவான் கோயிலை 8ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுச் சிற்பிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து, இடையில் விட்டுவிட்டார்கள். மேலே விமானத்துச் சிற்பங்கள் அத்தனை நுட்பம். கீழே கரடான பாறை. உளி எந்த வழியாக இறங்கி வந்தது என்பதை அந்தப் பாறையே நமக்குக் காட்டிவிடுகிறது. பென்சில் படத்திலும் அப்படித்தான். தலையளவைக் கொண்டு உடலை அளந்த குறிகள், உடல் எந்தக் காலில் ஊன்றி நிற்கிறது என்று பார்க்கப் போட்ட செங்குத்துக் கோடு, இவையெல்லாம் நிழல் தீட்டி முடித்தபின் மறைந்துவிடும். வரையப் பழகும் மாணவனுக்கு அவைதாம் பாடம்.

சோம்பலால் விட்டவையும் என் பெட்டியில் நிறைய உண்டு. அவற்றுக்காக நான் வாதாடவில்லை.

அதன்பின் இரண்டு ஞாயிறுகள் பொய்கைக்குப் போனேன். மற்ற இருவரும் வந்திருந்தார்கள். மூதாட்டி வரவில்லை.