குளிர் வந்தால் குணம் தெரியும்!

கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் புல்வெளியைப் பார்க்க வேண்டும். உப்பைக் கொட்டியது போல உறைபனி!

ஊட்டி, கடல் மட்டத்துக்கு மேல் 7 ஆயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கும். அதனால் மேட்டு வீட்டைவிடப் பள்ளத்து வீட்டில் நடுக்கம் அதிகம்.

குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான். சமாளிக்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறு.

ஒருவர் வெயில் வரும்வரை கட்டிலை விட்டு இறங்க மாட்டார். கம்பளிக்குள் இருந்து குரல் மட்டும் வரும். "டீ எங்கே?"

அந்த டீயைப் போட எழுந்தவளுக்குக் குளிராதா? பனிக்கட்டி போன்ற தண்ணீரில் முதலில் கை வைப்பவள் அவள்தான். அதை அவர் நினைப்பதே இல்லை. சோம்பேறிதான். ஆனால் இவரால் உயிருக்கு ஆபத்து இல்லை.

இன்னொருவர் வீரர். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று மெல்லிய சட்டையோடு சுற்றுவார். பெரும்பாலும் சமவெளியில் இருந்து வந்தவர்! பொழுது சாய்ந்ததும் பல் தந்தி அடிக்கும். அப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த மலையிலேயே பிறந்த தோடர்கள் அப்படி வீரம் பேசுவதில்லை. பூத்துக்குளி என்ற கெட்டியான போர்வையை ஆணும் பெண்ணும் போர்த்துக்கொள்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் செய்யும் வேலைப்பாடு அது. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மது குடித்தால் குளிர் போகும் என்பவரும் உண்டு. மது உள்ளே போனதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியேறிவிடுகிறது. சூடு ஏறியது போலத் தோன்றும். உண்மையில் இறங்குகிறது!

சத்தம் இல்லாத எமன்

இவர்கள் எல்லோரையும்விட ஆபத்தானவர் கெட்டிக்காரர்!

இரவில் கரி அடுப்பை அறைக்குள் கொண்டு வருவார். ஜன்னலைச் சாத்துவார். கதவு இடுக்கில் சாக்கைச் செருகுவார். "என்ன மூளை!" என்று கூட இருப்பவர்கள் மெச்சுவார்கள்.

கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. மூடிய அறையில் அது வெளியேற வழி இல்லை. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. கண் எரியாது. மூச்சோடு ரத்தத்தில் கலந்து, பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புகை இல்லையே என்று நம்புவதுதான் மோசம். புகை இல்லாத தணலிலும் இந்த வாயு உண்டு.

முதலில் தலை வலிக்கும். பிறகு கண் சொக்கும். கதகதப்பில் வந்த தூக்கம் என்று நினைத்துப் படுப்பார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படிப் படுத்து, எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. இறைச்சி சுட்ட அடுப்பில் மிஞ்சிய தணல்தானே என்று உள்ளே எடுத்துச் சென்றவர்களும் அவர்களில் உண்டு.

இதில் விடுதிக்காரர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. "அறைக்குள் கரி அடுப்பு கூடாது" என்று ஒவ்வொரு அறையிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். குளிர் காய வேண்டுமா? திறந்த வெளியில் தீ மூட்டட்டும். அங்கேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உள்ளே வரட்டும்.

அறைக்கு அடுப்பு கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு கம்பளியைக் கொடுக்க வேண்டும். விருந்தாளி முணுமுணுப்பார். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். காலையில் எழுந்து டீ கேட்பார் அல்லவா?