போகும் ஆலையும் நிற்கும் ஊரும்

ஒரு பெருநிறுவனம் நாட்டை விட்டு வெளியேறும்போது வணிகப் பக்கங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. முதலீட்டாளரின் நம்பிக்கை குலைந்துவிட்டதா? அரசின் கொள்கையில் எங்கே பிழை? அந்நிறுவனம் தான் விட்டுச்செல்லும் சமூகத்துக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறதா என்ற மூன்றாவது கேள்வி எழுவதில்லை. எழுப்புவோர் பொருளியல் அறியாதவர்களாகக் கருதப்படுகிறார்கள். உண்மையில் பொருளியல் அறிந்தவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

எதிர்வாதத்தின் வலுவை மறைக்க வேண்டியதில்லை. நட்டத்தில் ஓடும் ஆலையை எவரும் என்றென்றும் நடத்திக்கொண்டிருக்க முடியாது. தொழிலை மூடும் உரிமை தொழில் நடத்தும் உரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்று 1978இல் எக்செல் வேர் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியது. அவ்வுரிமை வரம்பற்றது அன்று என்பதையும் அதே தீர்ப்பு கூறியது. வெளியேறும் வாசலை அடைத்து வைத்தால் உள்ளே வருபவர் குறைவர் என்பதும் ஓரளவு மெய்யே. ஆயினும் இவ்வாதம் முழுவதும் ஓர் எடுகோளின்மீது நிற்கிறது. நிறுவனம் தன் சொந்தப் பணத்தோடு, சந்தையின் விதிப்படி, எவர் தயவுமின்றி வந்தது என்பதே அந்த எடுகோள்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா அப்படி வரவில்லை. 2005இல் தமிழ்நாடு அரசோடு அது ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. அரசின் தொழிற்பூங்காவில் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குரிய வரிச்சலுகைகள், மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தரும் உறுதி ஆகியவற்றின் மேல்தான் அந்த ஆலை எழுந்தது. 2006இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்த இந்த ஆலை மட்டும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கான ஒப்பந்த ஆலையாக ஓடிய பின், அந்நிறுவனம் கொள்முதலை நிறுத்தவே, 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது.

"வரித்துறைதான் நோக்கியாவை விரட்டியது" என்ற விளக்கம் அன்றுமுதல் இன்றுவரை வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வரித்துறையின் போக்கில் குறை காண்போருக்கு அதற்கான காரணங்கள் இருக்கலாம். ஆனால் இந்த விளக்கம் ஜெர்மனியைக் கடந்து வர வேண்டும். 2008 ஜனவரியில் அதே நோக்கியா போகும் நகரத்து ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. அங்கே ஏறத்தாழ 2,300 பேர் வேலை இழந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் நிறுவனம் நட்டத்தில் இல்லை, பெருலாபத்தில் இருந்தது. உற்பத்தி ருமேனியாவின் குளுஜ் நகருக்கு அருகிலிருந்த புதிய ஆலைக்கு மாற்றப்பட்டது. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 2011இல், அந்த ஆலையும் மூடப்பட்டது. ஆசிய ஆலைகளே இனி ஆதாயமானவை என்று அப்போது காரணம் கூறப்பட்டது. இவ்விரு ஊர்களிலும் இந்திய வரித்துறை இல்லை. குறைந்த கூலியையும் கூடுதல் சலுகையையும் நாடி நகர்வது இந்நிறுவனத்துக்குப் புதிதன்று. ஒவ்வோர் ஊரும் அந்தப் பாதையில் ஒரு தங்குமிடமாகவே இருந்தது.

வேறுபாடு வெளியேற்றத்தில் இல்லை, வெளியேறும்போது வைத்துவிட்டுப் போக நேர்ந்ததில்தான் இருக்கிறது. போகும் ஆலை பொதுப்பணத்திலிருந்து மானியம் பெற்றிருந்தது. குறித்த எண்ணிக்கையில் வேலைகளைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனை அம்மானியத்தோடு பிணைந்திருந்தது. அந்நிபந்தனையைச் சுட்டி மாநில அரசு பணத்தைத் திரும்பக் கேட்டது. முடிவில் அப்பகுதியின் மறுவாழ்வுத் திட்டத்துக்கு 2 கோடி யூரோ தர நிறுவனம் இசைந்தது. தொழிலாளருக்கெனத் தனியாக 20 கோடி யூரோ மதிப்புள்ள ஈட்டுத் திட்டமும் தொழிலாளர் பேரவையோடு பேசி முடிக்கப்பட்டது. ஜெர்மனியில் நோக்கியா நல்லொழுக்கம் கற்றுக்கொள்ளவில்லை. அங்கே எழுதப்பட்ட நிபந்தனை இருந்தது, அதைக் கையிலெடுக்க ஓர் அரசும் இருந்தது. அவ்வளவே.

ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைச் சட்டத்தின் மொழியில் பார்க்க வேண்டும். நூறு பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையை மூட அரசின் முன்அனுமதி வேண்டும் என்றது அன்று நடப்பிலிருந்த தொழில் தகராறுகள் சட்டம். ஆனால் விருப்ப ஓய்வில் செல்பவர் ஆட்குறைப்புக்கு ஆளானவராகச் சட்டத்தின் கண்ணில் படமாட்டார். 2014இன் முற்பகுதியிலேயே விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அதை ஏற்று வெளியேறினர். ஆலை மூடப்படும் வேளையில் எஞ்சியோர் ஒரு சிறு பகுதியினரே. இருபதுகளின் நடுவில் நிற்கும் ஒரு பெண், பூட்டப்படப்போகும் ஆலையின் வாயிலில், மாற்று எதுவுமின்றி இடும் கையொப்பத்துக்கு 'விருப்பம்' என்று பெயர். சட்டம் கட்டாய மூடலுக்கு வகுத்த இழப்பீடோ ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியம்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், முன்அனுமதிக்கான வரம்பை நூறிலிருந்து முந்நூறு தொழிலாளராக உயர்த்திவிட்டது. வாசல் இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்குத்தான் தனிச்சட்டமே இருக்கிறதே எனலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, வரம்புக்குட்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இக்கடமையின் அளவுகோல் லாபம். ஆலையை மூடிச் செல்லும் ஆண்டில் ஊருக்கு என்ன செய்தாக வேண்டும் என்பது பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. ஊருக்கு மிகவும் தேவைப்படும் வேளையில் பொறுப்பு தானாக விலகிக்கொள்கிறது. பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுவது கடமை, அப்பள்ளியில் பயிலும் பிள்ளையின் தாய் வேலையிழப்பது வணிக முடிவு!

நோக்கியாவின் வரித் தகராறு என்னவாயிற்று என்பதும் கருதத்தக்கது. இந்திய, பின்லாந்து அரசுகள் தமக்கிடையிலான வரி உடன்படிக்கையின் வழிமுறைப்படி பேசி, 2018இல் அதை ஏறத்தாழ 20 கோடி யூரோவில் முடித்துக்கொண்டன. நிறுவனத்துக்கும் கருவூலத்துக்கும் இடையிலான பிணக்கைத் தீர்க்க இரு நாடுகள் ஒரு மேசையில் அமர்ந்தன. வேலையிழந்தவருக்கு அத்தகைய மேசை எந்த உடன்படிக்கையிலும் போடப்படவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்த ஆலையை வேறொரு நிறுவனம் வாங்கி இயக்கியதைச் சந்தை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. கட்டடம் ஐந்தாண்டுகள் காத்திருக்கும். வாடகையும் தவணையும் காத்திருக்கா.

மாற்று கற்பனையில் இல்லை. பிரான்சில் ஃப்ளோராஞ்ச் எஃகாலையின் ஊதுலைகள் மூடப்பட்டதை ஒட்டி 2014இல் ஒரு சட்டம் வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனம் ஓர் ஆலையை மூடுமுன் அதை வாங்குபவரைத் தேட வேண்டும் என்றது அச்சட்டம். தண்டம் விதிக்கும் பகுதியை அரசியலமைப்பு மன்றம் நீக்கிவிட்டபோதும் தேடும் கடமை நிலைத்தது. இந்தியாவிலேயே, ஃபோர்டு 2021இல் வெளியேற்றத்தை அறிவித்தபின் அதன் சானந்த் ஆலையை டாடா வாங்கியபோது, தகுதியுடைய வாகன உற்பத்தித் தொழிலாளருக்கு வேலை தருவதும் அந்த உடன்பாட்டில் இடம்பெற்றது. மறைமலைநகரில் அத்தகைய கைமாற்றம் நிகழவில்லை. அங்கே உற்பத்தி 2022இல் நின்றது, தொழிலாளர் போராடிப் பெற்றது பணத்தீர்வு மட்டுமே. ஒரே நிறுவனத்தின் இரு ஆலைகளில் விதி இரண்டாயிற்று. ஏனெனில் விதியை வகுத்தது சட்டம் அன்று, தற்செயல்.

எனவே கோரிக்கை, எவரையும் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதன்று. சலுகை தரும் ஒவ்வோர் ஒப்பந்தமும் சட்டமன்றத்திலும் மக்கள் முன்னும் வைக்கப்பட வேண்டும். எத்தனை வேலை, எத்தனை ஆண்டு என்பதும், தவறினால் திருப்பித் தர வேண்டிய தொகையும் அதிலேயே எழுதப்பட வேண்டும். தொழிலாளரோடு ஆலையை ஏற்பவரைத் தேடும் கடமை, மூடும் உரிமையின் விலையாக வேண்டும். வரும் நாளில்தான் நிறுவனத்துக்கு ஊர் தேவைப்படுகிறது. நிபந்தனை எழுதும் வலிமை அரசுக்கு இருப்பதும் அன்றுதான். அன்று எழுதாமல் விட்டதை, மூடிய வாயிலின் முன் நின்று எத்தனை உரக்கக் கேட்டாலும் பெற முடியாது.